கிட் ஹெட்டரில் ஒரே ஒரு இடைவெளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடிதான் எனக்கு ஆபீஸ். போன வருஷம் எங்கள் சின்னக் குழுவுக்காக, யார் எந்த வாரம் எதை மாற்றினார்கள் என்று கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்டும் ஒரு கருவி எழுதினேன். அது கவிதா எழுதிய கமிட் ஒன்றை, அதாவது பதிந்த ஒரு மாற்றத்தை, முனியாண்டி பெயரில் போட்டுவிட்டது. "ராத்திரி கண்ணு முழிச்சது நான், பேரு அவனுக்கா அண்ணே?" என்று கவிதா கேட்டது நியாயம்தானே.

தப்பு கிட்டில் இல்லை, என் பார்சரில், அதாவது உரையைப் படித்துப் பிரிக்கும் நிரலில். கிட் ஒரு கமிட்டை எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தால் புரியும். பெயரை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டால் இப்படி இருக்கும்:

ட்ரீ (40 எழுத்து ஹேஷ்)
பேரண்ட் (40 எழுத்து ஹேஷ்)
ஆத்தர் கவிதா <கவிதா@உதாரணம்> 1700000000 +0800
கமிட்டர் கவிதா <கவிதா@உதாரணம்> 1700000000 +0800

இந்த மேல்பகுதிதான் ஹெட்டர். ட்ரீ கோப்புகளைக் காட்டும், பேரண்ட் முந்தைய கமிட்டைக் காட்டும், ஹேஷ் என்பது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம். அப்புறம் ஒரு வெறும் வரி. அதற்குக் கீழே கமிட் செய்தி, அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. பார்க்க ரொம்ப சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் பத்து வரியில் ஒரு பார்சர் எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான், முழு உரையிலும் 'ஆத்தர்' என்று தொடங்கும் வரியைத் தேடி, கடைசியாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன். கவிதா தன் செய்திக்குள் முனியாண்டியின் பழைய கமிட்டை அப்படியே ஒட்டி, "இதைத்தான் திருத்தினேன்" என்று எழுதியிருந்தாள்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக இருந்தவர். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயருக்கு ஒரு கட்டம், குறிப்புக்கு ஒரு கட்டம். குறிப்பில் "முனியம்மாவுக்குப் பதிலாக வந்தவர்" என்று எழுதியிருந்தால் முனியம்மாவுக்கு அன்றைக்குச் சம்பளம் விழாது. ஹெட்டரும் அதே கதைதான். எந்தச் சொல் இருக்கிறது என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும், முதல் வெறும் வரி வந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே எட்டிப் பார்க்கவே கூடாது.

சரி, வெறும் வரி என்றால் எது? என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்த கேள்வி இது. கையொப்பமிட்ட கமிட்டில் ஜிபிஜி கையொப்பமும் (எழுதியது இவர்தான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) ஹெட்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். பல வரி நீளம் என்பதால், இரண்டாவது வரியிலிருந்து ஒவ்வொன்றின் முன்னாலும் கிட் ஒரு இடைவெளியைப் போடும். இடைவெளியில் தொடங்கினால் அது மேல் வரியின் தொடர்ச்சி என்று அர்த்தம். ஆனால் அந்தக் கையொப்பத்துக்குள்ளேயே, தொடக்க வரிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வெற்று வரி வரும். அதற்கும் முன்னால் கிட் அதே இடைவெளியைப் போடுவதால் அந்த வரியில் இருப்பது ஒரே ஒரு இடைவெளி எழுத்து மட்டும். நீங்கள் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு வரியையும் இரண்டு பக்கமும் டிரிம் செய்து, அதாவது ஓர இடைவெளிகளை வெட்டிவிட்டுப் படித்தீர்கள் என்றால் அந்த இடைவெளி போய்விடும், பார்சர் "ஹெட்டர் முடிந்தது" என்று நினைத்துக்கொள்ளும், மீதிக் கையொப்பம் முழுவதும் கமிட் செய்தியின் தலையில் வந்து கொட்டும். எங்கள் திரையில் அரைப் பக்கத்துக்குப் புரியாத எழுத்துகள் வந்து நின்றதற்குக் காரணம் இதுதான். ஹெட்டர் படிக்கும்போது டிரிம் செய்யும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அடுத்தது ஆத்தர் வரி. இடைவெளியில் வெட்டி முதல் துண்டு பெயர், இரண்டாவது மின்னஞ்சல் என்று எழுதுகிறவர்கள் நம் ஊர்ப் பெயர்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. 'முனியாண்டி த/பெ பெருமாள்' என்று வந்தால் 'த/பெ' மின்னஞ்சலாகிவிடும். பெயர் என்பது < குறி வரைக்கும். கிட் கமிட் செய்யும்போது பெயரில் இருக்கும் < > குறிகளைத் தானே நீக்கிவிடும், ஆனால் வேறு கருவிகள் எழுதிய கமிட்டுகளில் அந்தக் காவல் இருக்குமா என்று நம்ப முடியாது. அதனால் கிட்டின் சொந்த நிரலே ஒரு சின்ன சாமர்த்தியம் செய்கிறது: நேரத்தைக் கண்டுபிடிக்க வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து > குறியைத் தேடுகிறது. நடுவில் ஒரு > கூடுதலாக இருந்தாலும் நேரம் சரியாகக் கிடைக்கும். எனக்குப் பிடித்த இடம் இது.

நேரத்திலும் ஒரு பள்ளம் உண்டு. 1700000000 என்பது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள், மலேசிய நேரப்படி 2023 நவம்பர் 15, காலை 6:13, அதாவது தோட்டத்தில் பெரட்டு (காலை வருகைக் கணக்கெடுப்பு) நேரம். அதன் பின்னால் வரும் +0800 ஒரு எண் மாதிரி தெரிந்தாலும் எண் இல்லை, எட்டு மணி, பூஜ்யம் நிமிடம். அதை 800 நிமிடம் என்று படித்தால் கவிதா கமிட் செய்தது 11:33 ஆகிவிடும். சென்னையிலிருந்து உதவும் நண்பரின் +0530 என்பது 330 நிமிடம், 530 இல்லை. தீபகற்ப மலேசியாவே 1981 முடியும்வரை +0730-இல்தான் இருந்தது, பழைய ஆவணங்களை அந்தக் காலத் தேதியோடு கிட்டுக்குள் ஏற்றுகிறவர்களுக்கு இது உதவும். சி மொழியில் அடிமானத்தை (பத்தா எட்டா என்று) சொல்லாமல் எண்ணாக மாற்றினால் இன்னும் வேடிக்கை. முன்னால் பூஜ்யம் இருப்பதால் அதை எட்டடிமான எண் என்று எடுத்துக்கொண்டு, +0730-ஐ 472 என்றும் +0800-ஐ வெறும் 0 என்றும் தரும்.

ஹெட்டரை டிக்‌ஷனரியில் போடுவதும் (ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு மட்டும் வைக்கும் அமைப்பு அது) ஆபத்து. முதல் கமிட்டுக்கு பேரண்ட் கிடையாது, இரண்டு கிளைகளை மெர்ஜ் செய்து சேர்த்தால் இரண்டு இருக்கும், லினக்ஸ் கெர்னலில் 66 பேரண்ட் உள்ள கமிட்டே ஒன்று இருக்கிறது. டிக்‌ஷனரி கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பட்டியலாக, வந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஹெட்டர் வந்தாலும் தூக்கி எறியாதீர்கள். ஹேஷ் நீளம் 40 என்று நிரலில் எழுதிவைப்பதும் வேண்டாம், 2020 அக்டோபரில் வந்த கிட் 2.29 முதல் 64 எழுத்து ஹேஷும் சோதனை நிலையில் வந்துவிட்டது.

கோப்புகளுக்கும் ஹெட்டர் உண்டு: 'பிளாப்' என்ற சொல், ஒரு இடைவெளி, நீளம், ஒரு பூஜ்ய பைட், பிறகு உள்ளடக்கம். இங்கே நீளம் பைட் கணக்கு. 'தோட்டம்' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் 7 குறிகள், கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். அந்த 'தோ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதும் ஒரு கீபோர்டில் அடித்திருந்தால் 24 பைட். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஹேஷ் மட்டும் வேறு. அதனால் முதலில் பைட்டாகவே படியுங்கள், எழுத்தாக மாற்றுவதெல்லாம் திரையில் காட்டும்போது.

இதெல்லாம் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். கிட் கடவுச்சொல் காக்கும் துணை நிரலோடு பேசுவதும் வரி வரியாகத்தான், ஹோஸ்ட் (எந்த சர்வர்) இது, புரோட்டோகால் (எந்தப் பேச்சுமுறை) இது என்று. 2020 ஏப்ரலில் அடைத்த ஓட்டை ஒன்றில், முகவரிக்குள் ஒரு புதுவரி எழுத்தை ஒளித்து வைத்தால் ஒரு வரி இரண்டாகி, ஒரு ஹோஸ்டின் கடவுச்சொல் இன்னொரு சர்வருக்குப் போக வழி இருந்தது. 2025 ஜனவரியில் அதன் தம்பி வந்தான். கேரியேஜ் ரிட்டர்ன் என்ற எழுத்து கிட்டுக்கு வரி முடிவு இல்லை, சில துணை நிரல்களுக்கு வரி முடிவு. வரி எங்கே முடிகிறது என்பதில் இரண்டு நிரல்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

என் பார்சரை இப்போது இரண்டு விதமாகச் சோதிக்கிறேன். ஒரு கமிட்டை எடுத்து ஒவ்வொரு பைட்டிலும் வெட்டி ஊட்டுவது முதல் சோதனை. ஹெட்டர் முடிவதற்குள் எந்த இடத்தில் வெட்டினாலும் "முழுசாக இல்லை" என்று சொல்ல வேண்டும், பாதிப் பெயரை எடுத்துக்கொண்டு நகரக் கூடாது. இரண்டாவது, களஞ்சியத்தில் இருக்கும் அத்தனை கமிட்டையும் படித்துப் பிரித்து, திரும்ப ஒட்டி, ஹேஷ் போட்டுப் பார்ப்பது. பழைய ஹேஷே வந்தால் ஒரு பைட்டும் தொலையவில்லை. முதல் தடவை ஓட்டியபோது இரண்டு கமிட் ஒட்டவில்லை. இரண்டிலும் 'ஆத்தர்' என்ற சொல்லுக்கும் பெயருக்கும் நடுவே இரண்டு இடைவெளி இருந்தது, நான் ஒன்றுதான் போட்டிருந்தேன்.