தலைமடையில் கலங்கினால்

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, நம்ம வெப்சைட்டுல ரம்மி விளம்பரமா வருதுன்னு சம்பந்தி ஊட்டுல இருந்து கேக்கறாங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்க." திறந்து பார்த்தேன். வலது ஓரத்தில் 'மஞ்சள் செய்திகள்' என்று ஒரு பெட்டி. அதில் இருந்த பத்து வரியும் சூதாட்டம்.

யாரும் தளத்துக்குள் புகுந்து எதையும் மாற்றவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வேளாண் செய்தித் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஃபீடை, அதாவது புதுச் செய்திகளை மற்ற தளங்களும் எடுத்துக் காட்டுவதற்காக அந்தத் தளம் தரும் பட்டியலை, அந்தப் பெட்டியில் இணைத்திருந்தார்கள். செய்தித் தளத்துக்காரர் தன் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்காமல் விட, வேறு யாரோ அதை வாங்கிவிட்டார்கள். முகவரி அதேதான், அதில் வருவதுதான் மாறிவிட்டது. தமிழில் ஃபீடை 'செய்தியோடை' என்கிறோம். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே கழிவு கலந்தால் கீழே வயலுக்கும் அதுதான் பாயும்.

ஃபீட் என்பது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி போட்டு எழுதிய கோப்பு. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, சுட்டி, சுருக்கம், தேதி இருக்கும். 1999ல் நெட்ஸ்கேப் தொடங்கிய ஆர்எஸ்எஸ், 2002ல் 2.0 ஆனது, ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005ல் தரமாக்கப்பட்டது. இரண்டுமே நல்ல ஏற்பாடுதான். தவறு நாம் இணைக்கும் விதத்தில் இருக்கிறது.

பல இடங்களில் நான் பார்ப்பது, எங்கிருந்தோ எடுத்த ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டை (பக்கத்துக்குள் ஓடும் நிரலை) பக்கத்தில் ஒட்டிவிடுவது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஸ்கிரிப்டைத் தருகிறவர் நாளைக்கு எதை மாற்றினாலும், அது உங்கள் பக்கத்தில் உங்கள் பெயரில் ஓடும். வாடிக்கையாளர் படிவத்தில் தட்டும் போன் நம்பரைக்கூட அதனால் படிக்க முடியும். அதனால் ஃபீடை உங்கள் சர்வரே போய் எடுத்து வரட்டும். வந்ததில் உள்ள எச்டிஎம்எல் குறிகளையெல்லாம் (பக்கத்தை வடிவமைக்கும் குறிகளை) நீக்கிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் சேமித்துக் காட்டுங்கள். சுட்டிகளில் http அல்லது https என்று தொடங்குபவை போதும். அந்தப் பக்கம் சர்வர் படுத்துவிட்டால் உங்கள் பக்கம் காத்துக் கிடக்கக் கூடாது. சில விநாடி பார்த்துவிட்டு, சேமித்து வைத்ததைக் காட்ட வேண்டும்.

சேமிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தானாகவே ஃபீடை 12 மணி நேரம் சேமித்து வைத்திருக்கும். செய்திக்கு அது பரவாயில்லை, குவிண்டால் விலைக்கு ஆகாது. பழைய விலையைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி அந்தியூரிலிருந்து வண்டி வாடகை கொடுத்து மூட்டையை ஏற்றி வந்தால், அந்த நட்டத்துக்கு யார் பதில் சொல்வது? விலை காட்டினால் பக்கத்திலேயே தேதியும் நேரமும் போடுங்கள். பல ஃபீடுகளில் நேரம் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரத்தில்) வரும். ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் விட்டால் நள்ளிரவு தாண்டி வந்த செய்திக்கு முந்தின நாள் தேதி விழும்.

அப்புறம், ஃபீடில் முழுக் கட்டுரை வருகிறது என்பதற்காக அதை முழுதாக எடுத்துப் போடாதீர்கள். ஃபீட் கொடுத்ததாலேயே எழுதியவர் தன் பதிப்புரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. தலைப்பு, இரண்டு வரி, தளத்தின் பெயர், சுட்டி போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

மண்டிக்காரரின் தளத்தில் மூன்று ஃபீடுகள் இருந்தன. அவற்றின் முகவரிகளை ஒரு தாளில் எழுதி, டொமைன் புதுப்பிக்கும் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறார். பில் கட்டும் நாளில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறோம். இந்த முறை ஒன்று நின்றுபோயிருந்தது. அன்றே எடுத்துவிட்டோம்.