எஸ்.பி. அலுவலகத்துக்கு நடந்து பயனில்லை, தபால் அனுப்புங்கள்

சென்ற ஆண்டு ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். பட்டியில் அடைத்திருந்த ஒன்பது ஆடுகள் ஒரே இரவில் திருடு போயிருந்தன. காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகார் வந்ததைக் குறிக்கும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "மூன்று புதன்கிழமை எஸ்.பி. ஐயாவையே நேரில் பார்த்துவிட்டேன், வக்கீலய்யா. தன்மையாகத்தான் பேசுகிறார். விசாரிக்கச் சொல்கிறேன் என்கிறார். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்றார்.

நடக்காததற்குக் காரணம் அந்த 'விசாரிக்க' என்ற சொல்தான். புதன்கிழமைக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனு எண் போடப்பட்டு, டி.எஸ்.பி. வழியாக, எந்த நிலையத்தைப் பற்றிக் குறை சொன்னோமோ பெரும்பாலும் அதே நிலையத்துக்கு "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு இறங்கிவிடும். அங்கே கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பெரியவரும் போட்டிருந்தார். 'மனு மீதான நடவடிக்கையில் திருப்தி' என்று அதில் எழுதியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி.யை நாம் ஒரு பெரிய நாட்டாமையாகப் பார்க்கிறோம். கடனை வசூலித்துத் தரச் சொல்கிறோம், வரப்புத் தகராறைத் தீர்க்கச் சொல்கிறோம். அதெல்லாம் உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. மீட்ட நகைகளோடு எடுக்கும் புகைப்படங்களில் அவர் நடுவில் நிற்பதும் அவருடைய முக்கியப் பணியன்று. தன் கீழுள்ள ஒவ்வொரு நிலையமும் சட்டப்படி வழக்குப் பதிகிறதா, பதிந்ததைப் புலனாய்வு செய்கிறதா என்று மேற்பார்வையிடுவதுதான் அவருடைய தலையாய பொறுப்பு.

அந்தப் பொறுப்பைச் சட்டம் வெறும் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 154(3), அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தில் பிரிவு 173(4). நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால், அதன் சாரத்தை எழுத்தில், தபால் வழியாக எஸ்.பி.க்கு அனுப்பலாம். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் அதில் தெரிகிறது என்று அவருக்குப் பட்டால், தானே புலனாய்வு செய்ய வேண்டும், அல்லது தனக்குக் கீழுள்ள ஒருவரைச் செய்யச் சொல்ல வேண்டும். கவனியுங்கள்: சட்டத்தில் உள்ள சொல் புலனாய்வு. முதல் தகவல் அறிக்கை பதிந்த பிறகுதான் வழக்கமாக அது தொடங்கும். இத்தகைய குற்றம் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013இல் சொல்லிவிட்டார்கள்.

எஸ்.பி.யும் அசையாவிட்டால், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, எஸ்.பி.க்கு அனுப்பினீர்களா என்பதுதான். குறைதீர் நாள் மனுக்களுக்காகப் பெரியவரிடம் இருந்த மூன்று துண்டுச் சீட்டுகளில் புகாரின் ஒரு வரிகூட இல்லை. என்ன சொன்னார் என்பதற்குச் சான்று எங்கே?

அவருடைய முதல் புகாரில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஆடுகளின் மதிப்பை யாரும் எழுதவில்லை. புதிய சட்டத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடுவது, நிலையம் தானாகவே வழக்குப் பதியக்கூடிய குற்றமன்று. மதிப்பை எழுதாத புகார், தட்டிக்கழிக்க நாமே எடுத்துக் கொடுக்கும் சாக்கு. ஒன்பது ஆடுகளுக்கும் நிறம், வயது, காது வெட்டு, விலை என்று எழுதினோம். நிலையத்துக்குப் போன தேதியையும் சி.எஸ்.ஆர். எண்ணையும் சேர்த்து, 173(4) என்ற பிரிவு எண்ணை மனுவின் தலைப்பிலேயே போட்டு, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம். நகல் நம்மிடம்.

பன்னிரண்டாம் நாள் வழக்குப் பதிவானது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே கொடுத்தார்கள், அது சட்டம். இரண்டு ஆடுகள் ஒரு சந்தையில் அடையாளம் காணப்பட்டன, மற்றவை போனதுதான்.

சென்னை, மதுரை, கோவை போன்ற மாநகரங்களில் இருப்பவர்கள் எஸ்.பி.க்குப் பதிலாகக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே அனுப்பினாலும் பெறுநர் இடத்தில் அதிகாரியின் பெயரை எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். மாவட்டப் பொறுப்பிலுள்ள எஸ்.பி.க்குக் குறைந்தது இரண்டாண்டு பதவிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். பெரியவர் மூன்று முறை பார்த்த எஸ்.பி., எங்கள் தபால் போய்ச் சேர்ந்த வாரமே மாற்றலாகிப் போய்விட்டார். வழக்குப் பதிய உத்தரவிட்டவர், பெரியவரை ஒருமுறைகூடப் பார்த்திராத புதியவர்.