266 எரர் காட்டுற லைன்ல தேடாதீங்க

புறக்கோட்டை ஹோல்சேல் கடைகளுக்கு பில்லிங், ஸ்டொக் சிஸ்டம் எழுதுற தம்பிமார் எனக்கு அனுப்புற ஸ்கிரீன்ஷொட் பெரும்பாலும் ரெண்டு வகைதான், எஸ்கியூஎல் சேர்வர் (மைக்ரோசொஃப்ட் டேட்டாபேஸ்) காட்டுற எரர் நம்பர் 137, இல்லாட்டி 266.

137, அதாவது 'வேரியபிளை டிக்ளேர் பண்ணேல்ல' எண்டுறது, லேசு. ஸ்கிரிப்டுக்கு நடுவுல ஒரு 'கோ' கிடக்கும், அதோட பட்ச் (ஒண்டா ஓடுற கட்டளைத் தொகுதி) முடிஞ்சிரும், மேல டிக்ளேர் பண்ணின வேரியபிள் கீழ இல்ல. டைனமிக் எஸ்கியூஎல் (ஸ்ட்ரிங்கா கட்டி ஓட்டுற கட்டளை) ஸ்ட்ரிங்குக்குள்ள வெளி வேரியபிளை எழுதினாலும் இதே எரர்தான், அங்க அதை பராமீட்டரா குடுக்கோணும்.

கத்தாத வேரியபிள்தான் ஆபத்து. லூப்புக்குள்ள செலக்ட் போட்டு @விலைக்கு பெறுமதி எடுக்கிறீங்க, அந்த சாமானுக்கு விலை ரோ இல்லையெண்டா நல் (வெறுமை) வராது, போன சுத்துல வந்தது அப்பிடியே நிக்கும். சீனிக்கு பருப்பு விலை விழும், எரரும் வராது. ஒவ்வொரு சுத்துலயும் முதல்ல நல் ஆக்கிட்டு எடுங்க.

இப்ப 266, ப்ரொசீஜருக்கு உள்ள போகேக்க திறந்திருந்த ட்ரான்ஸாக்ஷன் எண்ணிக்கையும் வெளிய வரேக்க இருக்கிறதும் ஒத்துவரேல்ல எண்டு சொல்ற எரர். இன்வொய்ஸ் சேவ் பண்ற ப்ரொசீஜர் பிகின் ட்ரான் (ட்ரான்ஸாக்ஷன் தொடக்கம், உள்ள செய்யிறது எல்லாம் சேந்து சேவ் ஆகும் இல்லாட்டி சேந்து அழியும்) போட்டு, உள்ளுக்க ஸ்டொக் குறைக்கிற ப்ரொசீஜரை கூப்பிடுது, அதுவும் தன்ட பாட்டுக்கு ஒரு பிகின் ட்ரான், @@ட்ரான்கவுண்ட் (திறந்து கிடக்கிற பிகின் ட்ரான் எண்ணிக்கை) 2. ஸ்டொக் காணாதெண்டு உள்ளுக்க றோல்பேக் (செய்ததை திருப்பி அழிக்கிறது) பண்ணினா 1 ஆகும் எண்டு பெடியள் நினைக்கிறாங்க. இல்ல, நேர 0! ஒவ்வொண்டா குறைக்கிறது கொமிட் (செய்ததை உறுதிப்படுத்துறது) மட்டும்தான், றோல்பேக் வெளியில செய்ததையும் சேத்து அழிச்சிரும். உள் ப்ரொசீஜர் முடியத்தான் 266 வரும், பிழை இருக்கிறது மேல றோல்பேக் பண்ணின இடத்துல, ஆனா வெளியில ட்ரை கேட்ச் (எரரை பிடிக்கிற பிளொக்) இல்லாட்டி கோட் நிக்காம ஓடும், அடுத்து இருக்கிற காசு வரவு இன்சேர்ட் ட்ரான்ஸாக்ஷனே இல்லாம தனிய சேவ் ஆகும், கடைசி கொமிட்ல 3902 (கொமிட் பண்ண ட்ரான்ஸாக்ஷன் இல்ல) வரும். பில் இல்ல, காசு மட்டும் இருக்கு! மாசக்கடைசியில கணக்குப்பிள்ளை ஐயா தலையில கை வைக்கிறது இதாலதான்.

அதால உள்ளுக்க றோல்பேக் வேணாம், த்ரோ பண்ணுங்க (எரரை வெளிய எறியுங்க), பிகின் போட்டவனே முடிவெடுக்கட்டும். வெளி கேட்ச்ல @@ட்ரான்கவுண்ட் 0ஐ விட கூடவா எண்டு பாத்துட்டு றோல்பேக் பண்ணுங்க, இல்லாட்டி 3903 (றோல்பேக் பண்ண ட்ரான்ஸாக்ஷன் இல்ல) வரும்.

ப்ரொசீஜர் தொடக்கத்துல எக்ஸ்ஆக்ட் அபோர்ட் ஓன் (எரர் வந்தா ட்ரான்ஸாக்ஷனை தானா றோல்பேக் பண்ற செட்டிங்) போடுங்க. அப்ளிகேஷன் டைம்அவுட் ஆனா கேட்ச் பிளொக் ஓடாது, இது இல்லாட்டி ட்ரான்ஸாக்ஷன் திறந்தபடி கிடந்து மற்ற கவுண்டர் எல்லாம் இறுகிரும். சேர்வரை றீஸ்டார்ட் பண்ண ஓட முதல் டிபிசிசி ஓப்பன்ட்ரான் அடிச்சு பாருங்க, ஆகப் பழைய ட்ரான்ஸாக்ஷன் ஆர்ட எண்டு காட்டும்.

எரர் விபரத்தை லொக் (பதிவு) டேபிள்ல எழுதினா அதுவும் றோல்பேக்ல போயிரும் எண்டு கேப்பாங்க. டேபிள் வேரியபிள்ல முதல்ல எழுதி வைங்க, அதை றோல்பேக் தொடாது, பிறகு அதுல இருந்து லொக் டேபிளுக்கு இன்சேர்ட் பண்ணலாம்.