பயிற்சித் தாளில் மார்க், லைன் வீட்டில் என்ன?

கருத்தடை முறைகள் பற்றிய குடும்பநலப் பயிற்சி என்றால் காலையில் ஒரு தாள், சாயங்காலம் அதே தாள் மறுபடியும். மார்க் கூடிவிட்டால் பயிற்சி வெற்றி, அப்புறம் சர்டிபிகேட், குரூப் போட்டோ. நீலகிரியில் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் வகுப்பெடுக்கிற எனக்கு இந்த மார்க் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது.

அந்தரா என்ற கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். ஜூலை மழையில் பந்தலூர் பக்கம் மரம் விழுந்து பஸ் ஓடாமல், கொழுந்து பறிக்கிற ஒரு பெண் இரண்டு வாரம் தாமதமாக வந்தால்? தாராளமாகப் போடலாம், குறித்த தேதி தாண்டி நான்கு வாரம் வரை இடமிருக்கிறது. அது தெரியாமல் "தேதி போச்சு, தீட்டு வந்ததும் வாங்கம்மா" என்று அனுப்பினால் அவர் வரவே மாட்டார், ஏனென்றால் இந்த ஊசியில் பலருக்கு மாதவிடாயே நின்றுபோகும். இதையும் முதல் ஊசிக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் "கெட்ட ரத்தம் உள்ளே தேங்குது" என்று பக்கத்து லைனில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாராவது சொல்ல, அதோடு சரி.

சாயா என்ற கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பணியர் பழங்குடிப் பெண்ணுக்கோ ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்கோ இதைக் காலண்டரில் புள்ளி வைத்துக் காட்டத் தெரிகிறதா என்று எந்தத் தாளும் கேட்பதில்லை.

அதனால் சில மாதம் கழித்து, பயிற்சி பெற்ற பணியாளர்களோடு லைன் வீடுகளுக்குப் போய், அங்குள்ள பெண்ணிடம் அவர்கள் பேசுவதை வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து கேட்பதுதான் என் மதிப்பீடு. பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவேன்: வேறு என்னென்ன முறை சொன்னாங்க, வேண்டாம்னு தோணினா நிறுத்தலாம்னு சொன்னாங்களா, உடம்புக்கு ஏதாவது ஆனால் எங்கே போவீங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

"பயிற்சிக்கு அப்புறம் எத்தனை காப்பர்-டி கூடுச்சு?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலிருந்து இலக்கு வைப்பதை மத்திய அரசு 1996லேயே கைவிட்டது. எண்ணிக்கையை வைத்துப் பணியாளரை எடைபோட்டால் அவர் எல்லோர் தலையிலும் ஒரே முறையைத்தான் கட்டுவார்.

இன்னொன்று, துணை சுகாதார நிலையத்தில் மாத்திரையே இல்லாதபோது "பயிற்சி பலன் தரவில்லை" என்று எழுதுவது அநியாயம். பணியாளரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் நான் ஸ்டாக் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்துவிடுவேன்.