வெயிலுக்கு இங்கே என்ன குறை?

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊருக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், சூரிய வெப்ப உலர்த்தி ஒன்று பழைய வலை அடைத்துவைக்கும் பெட்டியாக நிற்கிறது. மணல் படாமல் கருவாடு காயட்டும் என்று ஓர் அறக்கட்டளை நல்லெண்ணத்தோடு கொடுத்தது. இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவதே என் வேலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கருவியில் பழுதில்லை. ஆனால் அங்குள்ள பெண்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள். விலையை அவர்தான் சொல்வார். "மணல் ஒட்டாத கருவாட்டுக்கும் அதே விலைதான் சார்" என்றார் ஓர் அக்கா, கடற்பாசி எடுக்கப் போகும் முன் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டே. பவளப்பாறை கிழித்த தழும்புகள் அந்த விரல்களில் வரிவரியாக இருந்தன. சிக்கல் கடனில் இருந்தது. வெயிலுக்கு இங்கே என்ன குறை?

அறக்கட்டளைக்காரர்கள் உலர்த்தியைக் கண்காட்சியில் பார்த்தார்கள், பிடித்துப்போனது, வாங்கினார்கள். ஒப்பிட வேறு யோசனையே அவர்கள் முன் இல்லை. பெரிய இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் 'பிளேபம்ப்' தென்னாப்பிரிக்காவில் உருவானது. 2006-இல் அதற்கு 1.64 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. பல ஊர்களில் கடைசியில் பெண்களே அதைத் தள்ளிச் சுற்ற வேண்டியதாயிற்று. 2010-க்குள், அதைப் பரப்பிவந்த அமெரிக்க அமைப்பு பணியை நிறுத்திக்கொண்டது.

என்னிடம் வரும் அறக்கட்டளைகளிடம் பத்துப் பதினைந்து யோசனைகளையாவது ஒரே தாளில் எழுதச் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு என்ன செலவு? அரசுத் திட்டம் ஏற்கெனவே இதைச் செய்கிறதா? நம் பணம் நின்ற பிறகு யார் பழுது பார்ப்பார்கள்? கடைசிக் கேள்வியிலேயே பாதி யோசனைகள் விழுந்துவிடும். மிஞ்சுபவற்றை ஊர்த் தலைவர்களோடு நிறுத்தாமல், கருவாடு போடும் பெண்களிடமும் கொண்டுபோக வேண்டும். எந்த விளைவு வந்தால் கைவிடுவோம் என்பதையும் முன்பே எழுதி, அறங்காவலர்கள் கையெழுத்திட வேண்டும். பணம் போட்ட பிறகு நிறுத்த யாருக்கும் மனம் வராது.

சோதனை ஓட்டத்துக்கு ஒரு முழு ஆண்டு தேவை. வாடைக்காற்றில் பாக் விரிகுடா கொந்தளிக்கும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மாசியில் மட்டும் பார்த்துவிட்டு வெற்றி என்று அறிக்கை எழுதுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி.

அதே அறக்கட்டளை இப்போது, வியாபாரியின் முன்பணத்தை அடைக்கச் சிறுகடன் தரும் திட்டத்தைப் பத்துக் குடும்பங்களோடு தொடங்கியிருக்கிறது. வாடையும் தடைக்காலமும் கடந்து, ஜூன் கடைசியில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கப்போகிறோம்.