"ஒன்னு" எங்க போச்சு? ஹாம் ரேடியோ ஆப்ல நம்ம குரல் போற வழி

எக்கோலிங்க்னு ஒரு ஆப் இருக்கு, ஹாம் ரேடியோக்காரங்க, அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோல பேசுறவங்க, நெட் வழியா பேசிக்கறதுக்கு. அதுல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு நோட் நம்பர், 9999-னு ஒன்னு இருக்கு. அதுல கனெக்ட் ஆகி ஏதாவது பேசிட்டு பட்டனை விட்டா, நாம பேசினது அப்படியே நமக்கே திரும்பி வரும், டெஸ்ட் பண்றதுக்குன்னே வெச்சிருக்காங்க. நான் முதல்ல போன்ல இருந்து "ஒன்னு ரெண்டு மூனு"ன்னு சொன்னேன், மூனும் முழுசா வந்துச்சு. அப்புறம் வாக்கி டாக்கிய எடுத்து, ரேடியோவையும் நெட்டையும் இணைக்கற ஒரு லிங்க் ஸ்டேஷன் வழியா அதே 9999-க்குப் போய் அதே மூனையும் சொன்னேன். "...ண்டு மூனு"ன்னு வந்துச்சு. ஒன்னைக் காணோம், ரெண்டுலயும் பாதி காலி. நெட் ஸ்லோன்னு கொஞ்ச நேரம் திட்டிட்டு இருந்தேன், அப்புறம் யோசிச்சா நெட் ஸ்லோவா இருந்தா பேச்சு லேட்டாத்தானே வரணும், ஏன் வெட்டுப்பட்டு வருது?

இதுக்கு விடை தெரியணும்னா குரல் எந்த வழியா போகுதுன்னு கூடவே நடந்து பாக்கணும்.

கையில வெச்சிருக்கற வாக்கி 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுறது. அந்த அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டுலதான் போகும், உயரமான இடத்துல ஒரு ரிப்பீட்டர் இருந்தா அது வாங்கி வேற அலைவரிசையில திருப்பி அனுப்பும், அப்பவும் சில பத்து கிலோமீட்டர்தான். அதுக்கு மேல போகணும்னா ஷார்ட்வேவ் வேணும், பெரிய ஆன்டெனா வேணும், அந்த அலையை மேல இருந்து திருப்பி அனுப்புற அயனமண்டலம் அன்னிக்கு நல்ல மூட்ல இருக்கணும். இந்த இடைவெளியை இன்டர்நெட்டால தைக்கலாம்னு 1997-ல கனடாவுல வான்கூவர்ல டேவிட் கேமரன் ஐஆர்எல்பி-ன்னு (இன்டர்நெட் ரேடியோ லிங்க்கிங் ப்ராஜெக்ட்) ஒன்னு ஆரம்பிச்சார். அதுல ரெண்டு முனையிலயும் ரேடியோ இருந்தே ஆகணும், நடுவுல மட்டும்தான் நெட். 2002-ல ஜோனதன் டெய்லர் கொண்டு வந்த எக்கோலிங்க் அந்தக் கண்டிஷனைத் தளர்த்திடுச்சு, முதல்ல கம்ப்யூட்டர், அப்புறம் போன்ல இருந்தே பேசலாம்னு ஆச்சு. ரெண்டு பேரும் போன்ல இருந்தா இதுல ரேடியோ எங்கய்யா இருக்குன்னு ஒரு சண்டை அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. ரெண்டு பேருமே போன்ல இருந்தா அது வெறும் நெட் கால்தான், ஒரு பக்கமாவது ரேடியோ இருந்தாத்தான் விஷயமே இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஆனா லைசென்ஸ் காப்பி கேட்டு கால்சைனை, அதாவது லைசென்ஸோட தர்ற அடையாளப் பேரை, சரிபார்த்துதான் உள்ள விடுறாங்க, அதுக்குக் காரணம் சரியானது: உங்க போன்ல நீங்க அமுக்குற பட்டன் எங்கயோ ஒரு நாட்டுல இன்னொருத்தரோட டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணும், வெறும் சாட் ஆப் அதைச் செய்யாது.

சரி, குரலுக்கு வருவோம். மைக்ல வர்ற சத்தத்தை செகண்டுக்கு 8000 தடவை அளந்து எடுக்குறாங்க. ஒவ்வொன்னுக்கும் 16 பிட்னா செகண்டுக்கு 128 கிலோபிட். எக்கோலிங்க் இதை ஜிஎஸ்எம்-னு ஒரு கோடெக் (குரலைச் சுருக்கி விரிக்கற முறை) வெச்சு சுமார் 13 கிலோபிட்டாச் சுருக்குது, ஆமா, பழைய செல்போன்ல இருந்த அதே கோடெக். இது அலையோட வடிவத்தை அப்படியே அனுப்பாம கொஞ்சம் புத்திசாலித்தனமா செய்யுது, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டுன்னு குரலை வெட்டி, இந்தத் துண்டு வரும்போது தொண்டையும் வாயும் என்ன வடிவத்துல இருந்திருக்கும், குரலோட சுருதி எந்த இடைவெளியில திரும்பத் திரும்ப வருது, மிச்சம் என்ன இருக்குன்னு கணக்குப் போட்டு அந்த எண்களை மட்டும் அனுப்பும். ஒரு துண்டுக்கு மொத்தம் 260 பிட். அந்தப் பக்கம் அந்த எண்களை வெச்சு ஒரு செயற்கைத் தொண்டை பேசுதுன்னு வெச்சுக்கங்க. அதனாலதான் இதுல பாட்டு போட்டா கேவலமா இருக்கும், நாதஸ்வரத்துக்குத் தொண்டை கிடையாதே.

நாலு துண்டு சேர்ந்தா ஒரு பாக்கெட், 80 மில்லிசெகண்ட் பேச்சு அதுல இருக்கும், ஹெட்டரோட 144 பைட். பத்து நிமிஷம் பேசினாலும் ஒரு எம்பியைக் கொஞ்சம்தான் தாண்டும். இதை யுடிபி-ங்கற முறையில நெட்ல அனுப்புறாங்க, தொலைஞ்சா தொலைஞ்சதுதான், திரும்பக் கேக்குறது இல்ல, ஏன்னா திரும்பி வர்றதுக்குள்ள பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிடும். 5198, 5199-னு ரெண்டு போர்ட் திறந்திருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். மொபைல் நெட்ல நூத்துக்கணக்கான பேர் ஒரே வெளி முகவரிக்குப் பின்னாடி இருக்கறதால வெளியில இருந்து வர்ற பாக்கெட் யாருக்குன்னு தெரியாம நின்னுடும், அதான் நடுவுல ஒரு சர்வர் வழியா சுத்திப் போக ஆப்ல ரிலே, ப்ராக்ஸின்னு ஒரு செட்டிங். புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேர் மாட்டிக்கறது இங்கதான்.

இதுவரைக்கும் பாருங்க, "ஒன்னு" எங்கயும் தொலையல. பாக்கெட் போனா நடுவுல ஒரு ஓட்டை விழும், தாமதமானா மொத்தமா தள்ளி வரும். எப்பவும் ஆரம்பத்துல மட்டும் வெட்டு விழுதுன்னா காரணம் வேற.

காரணம் லிங்க் ஸ்டேஷன்ல இருக்கு. அது ஒரு ரேடியோவும் ஒரு கம்ப்யூட்டரும், நடுவுல ஒரு சின்ன இன்டர்ஃபேஸ், அவ்வளவுதான். லிஸ்ட்ல கால்சைனுக்குப் பின்னாடி -எல் இருந்தா லிங்க், -ஆர் இருந்தா ரிப்பீட்டர். கம்ப்யூட்டருக்கு யாரோ பேசுறாங்கன்னு எப்படித் தெரியும்? ரேடியோவோட ஸ்குவெல்ச், அதாவது சிக்னல் வராதப்போ இரைச்சலை அடைச்சு வெக்கற கதவு, திறந்தாத் தெரியும். அதுவும் வெறும் இரைச்சலுக்கெல்லாம் திறக்கக் கூடாதுன்னு நம்ம குரலுக்கு அடியில காதுக்குக் கேக்காத மாதிரி ஒரு தாழ்ந்த டோன் அனுப்பச் சொல்லியிருப்பாங்க, 88.5 ஹெர்ட்ஸ்னு வைங்க. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். இது நிஜ டோன்தானான்னு உறுதி பண்ண பத்துப் பதினஞ்சு சுற்றாவது கேக்கணும், அங்கயே 150 மில்லிசெகண்ட் போச்சு. அதுக்கு முன்னாடி நம்ம வாக்கி முழு பவருக்கு வர்ற நேரம், நடுவுல ரிப்பீட்டர் இருந்தா அது தன் பங்குக்கு எடுத்துக்கற நேரம். இத்தனைக்கும் நான் பட்டனை அமுக்கும்போதே "ஒன்னு"ன்னு ஆரம்பிச்சிருக்கேன். கதவு திறக்கறதுக்கு முன்னாடியே பேசிட்டு, உள்ள இருக்கறவனுக்குக் கேக்கலன்னா எப்படி? அந்தப் பக்கம் கேக்குறவர் வாக்கில பேட்டரி சேவர் போட்டிருந்தா இன்னும் மோசம், அது விட்டு விட்டுத்தான் முழிச்சுப் பாக்கும், அவர் பங்குக்கு இன்னொரு எழுத்து போகும்.

முன்னாடி இப்படின்னா பின்னாடி வேற ஒரு கூத்து. நாம பேசி முடிச்சதும் ரிப்பீட்டர் உடனே ஆஃப் ஆகாது, ஒன்னு ரெண்டு செகண்ட் சும்மா கேரியரை, அதாவது குரல் இல்லாத வெறும் அலையை, விட்டுட்டு நிக்கும், அதுக்கு வால்னு பேரு வெச்சுக்கலாம். லிங்க் ரேடியோ அந்த வாலையும் பேச்சுன்னு நம்பி நெட்ல அனுப்பும். அந்தப் பக்க ரிப்பீட்டர் அதைக் கேட்டு ஆன் ஆகும், அது முடிஞ்சதும் அதோட வால் இங்க வரும், இது ஆன் ஆகும். யாருமே பேசாம ரெண்டு ரிப்பீட்டரும் விடிய விடிய டேபிள் டென்னிஸ் ஆடும். ஆள் பேசும்போது மட்டும் டோன் போகட்டும், வாலுக்கு டோன் வேண்டாம்னு செட் பண்ணினா இது நின்னுடும்.

ஒருத்தர் பேசி முடிச்சதும் ரெண்டு செகண்ட் சும்மா இருங்கன்னு பழைய ஆளுங்க சொல்றதும் இதோட சேர்ந்ததுதான். ரேடியோ ஒரு நேரத்துல ஒன்னு பேசும் இல்ல கேக்கும், ரெண்டும் சேர்ந்து செய்யாது. அந்த ரெண்டு செகண்ட்லதான் வால் அடங்கும், பஃபர் காலியாகும், வேற யாராவது உள்ள வரணும்னா வர முடியும். போன்ல கடகடன்னு பேசிப் பழகினவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டமா இருக்கும்.

வாக்கில இருந்து லிங்க்கை ஓட்டுறதுக்கு கீபேட்தான். 5-ஐ அமுக்கினா 770-ம் 1336-ம் ஹெர்ட்ஸ் ரெண்டு சத்தம் சேர்ந்து போகும், அங்க இருக்கற கம்ப்யூட்டர் எந்த ரெண்டுன்னு பார்த்து நம்பரைப் புரிஞ்சுக்கும். நோட் நம்பரை அடிச்சா கனெக்ட், பெரும்பாலும் # அடிச்சா கட்.

டிஎம்ஆர், டி-ஸ்டார் மாதிரி டிஜிட்டல் ரேடியோவை இதோட இணைக்கறவங்களும் உண்டு. டி-ஸ்டார்ல குரலுக்கு செகண்டுக்கு வெறும் 2400 பிட்தான், ஏற்கெனவே பிழிஞ்ச குரலைத் திரும்ப ஜிஎஸ்எம்-ல பிழிஞ்சா தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் வரும்.

இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் மறுபடி வாக்கில 9999-க்குப் போனேன். பட்டனை அமுக்கி, மனசுக்குள்ள ஒரு செகண்ட் எண்ணி, அப்புறம் சொன்னேன். "ஒன்னு ரெண்டு மூ"ன்னு வந்துச்சு. சந்தோஷத்துல பட்டனைச் சீக்கிரம் விட்டுட்டேன்.