எல்லைக்கோடு யார் பொறுப்பு? நில வரைபடத்தை அலுவலகங்கள் பகிர்ந்துகொள்ளும் விதம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் அதற்கு ஒரு சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இருக்கும். நகர நில அளவை முடிந்த இடம் என்றால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று தனி வரிசை. மாநகராட்சி ரசீதில் சொத்து வரி விதிப்பு எண். மின்வாரியத்தில் இணைப்பு எண். கதவில் பழைய எண், புதிய எண். எல்லாம் அதே மண்ணைத்தான் சொல்கின்றன. ஆனால் இந்த வரி விதிப்பு எண் எந்த சர்வே எண்ணுக்குள் விழுகிறது என்று கேட்டால், ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மழைநீர் வடிகால் போடுவதானாலும் சாலையை அகலப்படுத்துவதானாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். நில அளவைத் துறை, பதிவுத் துறை, மாநகராட்சி, ஊராட்சிகள், மின்வாரியம், நீர்வளத் துறை, நகர் ஊரமைப்புத் துறை என்று ஆளுக்கொரு படம் வைத்திருக்கிறார்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது என்று தோன்றும். கொடுத்த படம் வாங்கியவரின் படத்தோடு பொருந்த வேண்டும், அடுத்த வருஷமும் பொருந்த வேண்டும். வேலையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு தாளில் ஒரு வயல்

எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்திலிருந்து தொடங்குவோம். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். அதில் வயலின் வரப்புகள் கோடுகளாக இருக்கும், நடுவே மூலைக்கு மூலை ஒரு கோடு ஓடும். சர்வேயர் முதலில் அளப்பது அந்த மூலைவிட்டத்தைத்தான். பிறகு அதன்மேல் நடந்துகொண்டே, ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று குறிப்பார். இதற்கு ஆஃப்செட் என்று பெயர். இரண்டு எண்கள் இருந்தால் ஒரு புள்ளி கிடைத்துவிடும்: மூலைவிட்டத்தில் எவ்வளவு தூரம் வந்தோம், அங்கிருந்து எவ்வளவு தூரம் விலகினோம்.

நான்கு மூலை வயல் ஒன்றில் மூலைவிட்டம் 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்க மூலை 40 மீட்டர் தள்ளி, வலப்பக்க மூலை 30 மீட்டர் தள்ளி. இரண்டு முக்கோணங்கள். ஒன்றின் பரப்பு 2400 சதுர மீட்டர், மற்றதன் பரப்பு 1800. மொத்தம் 4200 சதுர மீட்டர், அதாவது 42 ஏர்ஸ். பட்டாவில் 0-42.00 என்று ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் வரும். நம் பேச்சுக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் நாலு சென்ட். கோணமானியே தேவைப்படாத முறை இது. ஒரு சங்கிலியும் செங்கோணம் பார்க்க ஒரு சிறு கருவியும் போதும். அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை என்றே சொல்வேன்.

குறை என்னவென்றால், இந்தத் தாளுக்குத் தன் வயலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அது பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அட்சரேகையோ தீர்க்கரேகையோ கிடையாது. பக்கத்து வயல் வேறு தாளில் இருக்கிறது. இரண்டு வயலுக்கும் பொதுவான வரப்பு ஒன்றுதான், ஆனால் அது இரண்டு தாளிலும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. ஒரு தாளில் அதன் நீளம் 84.2 மீட்டர், அடுத்ததில் 84.6 என்று இருந்தால்? தாள்கள் அலமாரியில் இருந்தவரை யாருக்கும் கவலை இல்லை. கணினியில் இரண்டையும் அருகருகே வைக்கும்போது ஓரிடத்தில் மெல்லிய இடைவெளி விழும், இன்னோரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நூலளவு நிலமும், இரண்டு பேருக்குச் சொந்தமான இன்னொரு நூலளவு நிலமும் திரையில் புதிதாகப் பிறந்துவிடும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வெள்ளைக்காரர் காலத்துச் சங்கிலி 66 அடி நீளம், 100 கண்ணிகள். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். வேலூர் வெயிலில் இரும்பு நீண்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், வெப்பநிலை 20 டிகிரி ஏறினாலும் 20 மீட்டர் சங்கிலி நீளுவது 5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். வெயில் பாவம், அதன்மேல் பழி போட முடியாது. தேய்மானம்தான் பெரிய ஆள். ஒரு கண்ணியின் மூட்டில் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் நூறு கண்ணிக்கு இரண்டரை சென்டிமீட்டர். பத்துச் சங்கிலி தூரம் அளந்தால் கால் மீட்டர் போய்விட்டது. அப்புறம் மலைச்சரிவு. அணைக்கட்டு ஊர்ப் பக்கமோ ஜவ்வாது மலை அடிவாரமோ, பத்து டிகிரி சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டு 100 மீட்டர் என்று எழுதினால், படத்துக்கு வேண்டிய கிடைமட்ட தூரம் 98.5 மீட்டர்தான்.

தாளைப் பூமியில் பொருத்துவது

இப்போது நூற்றுக்கணக்கான தாள்களைச் சேர்த்து ஒரு கிராமமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கணினியில் ஏற்றத் தேசிய தகவல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் பயன்படுகிறது. தாளில் உள்ள எண்களை அப்படியே உள்ளிட்டால் அது வயலை வரைந்துகொள்ளும். ஸ்கேன் செய்த தாளின் மேல் கோடு இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். தாள் சுருங்கினாலும் நீண்டாலும் அதில் எழுதிய எண் மாறாது அல்லவா.

அடுத்தது நங்கூரம். தரையில் அழியாமல் நிற்கும் கற்களைத் தேட வேண்டும். மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கற்கள் இதற்கு ரொம்ப உசத்தி, ஏனென்றால் மூன்று கிராமப் படங்களும் அந்த ஒரே புள்ளியை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தக் கற்களைச் செயற்கைக்கோள் கருவியால் அளக்கிறார்கள். கைபேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும். 30-க்கு 40 மனையின் அகலம் 9 மீட்டர்தான், அதில் 3 மீட்டர் தவறினால் அடுத்தவன் வீட்டு அடுப்படிக்குள் போய் நிற்போம். அதனால் துல்லியமாக இடம் தெரிந்த ஒரு நிலையான நிலையம் செயற்கைக்கோள் சிக்னலைத் தொடர்ந்து வாங்கி, 'என் உண்மையான இடம் இது, சிக்னல் சொல்லும் இடம் அது, வித்தியாசம் இவ்வளவு' என்று திருத்தத்தைக் கைபேசி இணைப்பு வழியாக அனுப்பும். வயலில் நிற்கும் கருவி அதே திருத்தத்தைப் போட்டுக்கொள்ளும். துல்லியம் சில சென்டிமீட்டருக்கு வந்துவிடும். சர்வே ஆஃப் இந்தியா இப்படிப்பட்ட நிலையங்களை நாடு முழுக்க அமைத்திருக்கிறது.

கற்களின் இடம் தெரிந்ததும், நடுவிலுள்ள வயல்கள் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சம் நகர வேண்டும். எந்த வயலை எவ்வளவு நகர்த்துவது? அதற்குத்தான் மீச்சிறு வர்க்க முறை. அளந்த நீளத்துக்கும் திருத்திய நீளத்துக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகச்சிறிய எண் வரும்படி எல்லா மூலைகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்யும் கணக்கு அது. பிழை ஒரே வயலின் தலையில் விழாமல் பரவிவிடும். இதன்பின் பொதுவான வரப்பைக் கணினியில் ஒரே ஒரு கோடாகச் சேமிக்க வேண்டும். இரண்டு வயல்களும் அந்தக் கோட்டையே சுட்டும். அப்படிச் செய்துவிட்டால் இடைவெளி விழ வழியே இல்லை, ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் தானாகத் திருந்தும்.

பகிரும்போது இன்னொரு பொறி உண்டு. மீட்டர் கணக்கில் ஆயத்தொலைவு தர உலகை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் 44-ஆம் மண்டலம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது, அதற்கு மேற்கே இருக்கும் ஓசூர் 43-இல் விழும். மண்டலத்தை மாற்றிப் போட்டால் ஓசூர் வயல் 650 கிலோமீட்டர் கிழக்கே, வங்காள விரிகுடாவில் போய் விழும். இது நல்ல பிழை, பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். பழைய இந்திய வரைபடங்களின் எவரெஸ்ட் கோளவடிவக் கணக்கை (பூமியின் வடிவத்தை வேறு அளவுகளில் எடுத்துக்கொண்ட பழைய முறை) இன்றைய ஜி.பி.எஸ். கணக்கு என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. நம் பகுதியில் அது படத்தை நூறு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அங்கேயும் வயல்தான் இருக்கும், அங்கேயும் வரப்புதான் ஓடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

மாவட்டம் பிரிந்தால் எண் மாறலாமா?

கோடு சரி, இனி எண். சர்வே எண் 124 என்றால் போதாது, எல்லாக் கிராமத்திலும் ஒரு 124 இருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றின் குறியீடுகளை முன்னால் சேர்த்துத்தான் வழக்கமாக எண் உண்டாக்குகிறார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு (இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதி) இதிலுள்ள சிக்கலை விளக்கவே வேண்டாம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வடக்குத் தாலுகாக்கள் போயின. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் மிச்சமிருந்த வேலூரும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாலாஜாபேட்டை வயல் ஓர் அங்குலமும் நகரவில்லை, ஆனால் மாவட்டக் குறியீட்டில் தொடங்கும் அதன் எண் மாறியாக வேண்டும். அந்த எண்ணைப் பழைய பட்டியலில் வைத்திருக்கும் மற்ற அலுவலகங்களுக்கு அந்த வயல் காணாமல் போய்விடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பூ-ஆதார் என்கிற 14 இலக்க நில அடையாள எண். நிலத்துண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து அதை உருவாக்குகிறார்கள். ஆட்சி எல்லை எப்படி மாறினாலும் அதற்குக் கவலையில்லை. முன்னே சொன்ன நங்கூர வேலை முடியாமல் இந்த எண்ணைக் கொடுத்தால், தப்பான இடத்துக்கு நிரந்தர எண் கொடுத்ததாகிவிடும். அண்ணன் தம்பி பாகம் பிரித்து 124/2 என்பது 2ஏ, 2பி ஆகும்போது என்ன செய்வது என்பதும் முக்கியம். பழைய எண்ணை அழிக்கக் கூடாது. அது இந்தத் தேதியில் முடிந்தது, இந்த இரண்டும் அதன் பிள்ளைகள் என்று வம்சாவளி எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் 2010-இல் போட்ட வில்லங்கத்தை இன்றைய நிலத்தோடு கோர்க்க முடியாது.

கோடும் எண்ணும் சரியாக இருந்தாலும் யார் திருத்துவது என்று முடிவாகாவிட்டால் குழப்பம்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றி ஏழு கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நிலப் படத்தைத் தானே பராமரிக்கிறது. ஆனால் வெளியே கொடுக்கும்போது நெடுவரிசைகளின் பெயரும் வரிசையும் ஏழிலும் ஒரே மாதிரி. அவற்றைப் பெருநகர மன்றம் ஒன்றாகக் கோர்த்து ஒரே படமாக்கித் தருகிறது. கோர்ப்பவருக்கு வயல் எல்லையைத் திருத்தும் அதிகாரம் இல்லை, தவறு கண்டால் அந்தக் கவுண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். நமக்கும் இது அப்படியே பொருந்தும். எல்லையைத் திருத்துவது நில அளவைத் துறை, வரி விதிப்பு எண்ணை மாநகராட்சி, கம்பத்தை மின்வாரியம். ஆளுக்கொரு அடுக்கு, ஆனால் எல்லா அடுக்குக்கும் அடியில் அதே எல்லைக்கோடு. தமிழ்நாட்டில் மின் ஆளுமை முகமை நடத்தும் டி.என்.ஜி.ஐ.எஸ். (தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பு) தளம் இந்த அடுக்குகளை ஓரிடத்தில் காட்டத் தொடங்கியிருக்கிறது.

படத்தை நகலெடுத்துக் கொடுப்பதைவிட இணையம் வழியாகக் கேட்கும்போதெல்லாம் தருவது நல்லது என்பதற்கும் இதுதான் காரணம். நகல் கொடுத்த அன்றே அதற்கு வயதாகத் தொடங்கிவிடுகிறது. வேறு வழியில்லாமல் நகல் கொடுத்தால் எந்தத் தேதி நிலவரம் என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பட்டாதாரர் பெயரையும் கைபேசி எண்ணையும் எல்லாருக்கும் அனுப்பத் தேவையில்லை. குழாய் பதிக்க வருகிறவருக்குக் கோடும் எண்ணும் புறம்போக்கா பட்டாவா என்பதும் போதும்.

எல்லா முரண்பாடும் பிழை என்றும் நினைத்துவிடக் கூடாது. சதுப்பேரியையோ காவேரிப்பாக்கம் ஏரியையோ பாருங்கள். நில அளவைப் படத்தில் ஏரியின் எல்லை என்பது ஏரிப் புறம்போக்கின் சர்வே எண் முடிகிற கோடு. நீர்வளத் துறைக்கு அது முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்கும் மட்டக் கோடு. ஒன்று சொத்து எல்லை, இன்னொன்று மேட்டுப்பள்ளம் சொல்லும் எல்லை. சில இடங்களில் தண்ணீர் பட்டா நிலத்துக்குள் ஏறும், சில இடங்களில் புறம்போக்கு மேடாகக் காய்ந்து கிடக்கும். இரண்டையும் இழுத்து ஒன்றாக்கினால் இரண்டு தகவலும் போய்விடும். இரண்டு கோட்டையும் வைத்துக்கொண்டு, நடுவே சிக்கும் வயல்களைப் பட்டியலிட்டால் வெள்ளத்தில் யாருடைய நிலம் மூழ்கும் என்பது தெரியும். பகிர்ந்ததால் மட்டுமே கிடைக்கும் பதில் அது.

இதே நியாயம் பரப்பளவுக்கும் உண்டு. பட்டாவில் 0-42.00 என்று இருக்கும், கணினி அதே வயலை 41.6 ஏர்ஸ் என்று கணக்கிடும். பட்டா எண்ணை அழித்துவிட்டுக் கணினி எண்ணை எழுத முடியாது. திரையில் ஒரு கோடு நகர்ந்ததால் யாருடைய உரிமையும் மாறிவிடாது. பதிவேட்டுப் பரப்புக்கு ஒரு நெடுவரிசை, கணக்கிட்ட பரப்புக்கு ஒரு நெடுவரிசை, பக்கத்திலேயே இந்தக் கோடு எப்படி வந்தது என்பதற்கு இன்னொன்று: தரையில் செயற்கைக்கோள் கருவியால் அளந்ததா, புலப்படத்து எண்களிலிருந்து போட்டதா, பழைய தாளைப் பார்த்து வரைந்ததா. கம்பம் நட வரும் பொறியாளர் எந்தெந்த வயலில் சர்வேயரை வரச்சொல்லிக் கல் தேட வேண்டும், எங்கே படத்தை நம்பிக் குழி தோண்டலாம் என்பதை அந்த மூன்றாவது நெடுவரிசையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.